கடன் வாங்கிய புகை

பெங்களூரு அம்ருத் டிஸ்டில்லரியின் ‘ஃப்யூஷன்’ சிங்கிள் மால்ட் விஸ்கியை எடைபோட உட்காருகிறவர், முதலில் ஒரு குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதில் இருக்கும் புகை நம்முடையது அல்ல. அந்த விஸ்கிக்குப் போகும் பார்லியில் முக்கால் பங்கு இந்தியாவில் விளைந்தது, புகை காணாதது. மீதிக் கால் பங்கு ஸ்காட்லாந்தில் பீட் புகையில் வாட்டப்பட்டுக் கப்பலேறி வந்தது. விலை கொடுத்து வாங்கிய வாசனைக்கு இந்தியச் சாதனை என்ற பெயர் பொருந்துமா என்று கேட்பவர்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நல்ல விஸ்கி அறிந்தவர்களே அப்படிக் கேட்கிறார்கள். என் பதிலைக் குவளையிலிருந்தே சொல்லப் பார்க்கிறேன்.

பீட் என்பது சதுப்பில் செத்த பாசியும் புல்லும் புதர்ச்செடியும் காற்றுப் படாமல் பாதி மட்கி, அடுக்கடுக்காய்ப் படிந்த மண். நிலக்கரியாவதற்கு வெகு முன்னால் நின்றுபோன நிலை. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் மரம் குறைவு. இதை வெட்டி, காயவைத்து எரித்தார்கள். மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியை உலர்த்தவும் அதே தீதான். ஈரம் காயாத பார்லி புகையை உறிஞ்சிக்கொள்ளும். ஃபீனால், கிரெசால், குவாயகால் என்று அந்தப் புகையில் இருக்கும் சேர்மங்களே பின்னால் விஸ்கியில் ஆஸ்பத்திரி வாடையாகவும், தார் வாடையாகவும், கரியாகவும் மூக்கில் ஏறுகின்றன. ஃபீனால் அளவை ‘பிபிஎம்’, அதாவது பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கில் சொல்வார்கள். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் இறக்கும் லகாவுலினுக்குச் சுமார் 35, ஆர்ட்பெக்குக்குச் சுமார் 55. புரூக்லாடி நிறுவனத்தின் ‘ஆக்டோமோர் 8.3’ 309 வரை போனது. ஆனால் இந்த எண் பார்லிக்கு உரியது, புட்டிக்கு உரியது அல்ல. ஊறலிலும் காய்ச்சுதலிலும் பெரும்பங்கு கழிந்துபோகும். ஃபீனால்கள் காய்ச்சுதலின் பிற்பகுதியில்தான் இறங்கி வருகின்றன. நடுப்பகுதியை எந்த இடத்தில் வெட்டி எடுப்பது என்ற முடிவு புகையின் அளவை மாற்றிவிடும். எண்ணைப் பார்த்துப் புட்டி வாங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அம்ருத் நிறுவனம் 1948இல் ராதாகிருஷ்ண ஜக்தாலே தொடங்கியது. இந்தியாவில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி கரும்புக் கழிவுப்பாகிலிருந்து இறக்கிய சாராயத்தில் கொஞ்சம் மால்ட் சேர்த்தது. ஐரோப்பியச் சட்டம் அதை விஸ்கி என்றே ஒப்புக்கொள்ளாது. தானியத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்தச் சூழலில் ராதாகிருஷ்ணவின் மகன் நீலகண்ட ராவ் ஜக்தாலே, பார்லி மட்டும் கொண்டு செய்த விஸ்கியை 2004 ஆகஸ்டில் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் இறக்கினார். சொந்த ஊரான பெங்களூரில் அது கடைக்கு வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. ஃப்யூஷன் அடுத்த கட்டம். பிரிட்டிஷ் விமர்சகர் ஜிம் முர்ரே தன் ‘விஸ்கி பைபிள்’ 2010 பதிப்பில் அதற்கு நூற்றுக்கு 97 கொடுத்து, உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்றார். அதற்குப் பிறகு ஃப்யூஷனைப் பற்றி எழுதிய எல்லோரும் அந்த 97-ஐ முன்னே வைத்துக்கொண்டே எழுதினார்கள். அந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டு ருசி பார்ப்பது கடினம். ஆனாலும் அதைச் செய்தாக வேண்டும்.

கேள்வியை நான் இப்படி வகுத்துக்கொண்டேன்: புகையை எடுத்துவிட்டால் இந்த விஸ்கி என்ன இழக்கும்? புகையை முழுதாக ஏற்றினால் என்ன பெறும்? நல்லவேளையாக, இரண்டுக்கும் அதே வீட்டில் சாட்சிகள் இருக்கின்றன. அம்ருத்தின் சாதாரண இந்தியன் சிங்கிள் மால்ட்டில் புகையே இல்லை. ‘அம்ருத் பீட்டட்’ முழுக்கப் புகையேறிய பார்லி. இரண்டும் 46 சதவீத ஆல்கஹால். ஃப்யூஷன் 50. எனவே ஒப்பிடும்போது ஃப்யூஷனில் 50 மில்லிக்கு நாலு மில்லிக்குச் சற்று மேல் தண்ணீர் சேர்த்து, மூன்றையும் ஒரே பலத்துக்குக் கொண்டுவந்தேன். இதைச் செய்யாமல் ஒப்பிட்டால் பலம் கூடியதே சுவை கூடியதாகத் தோன்றும். தாண்டிக்குடியில் காபி பதம் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட நண்பர் குவளைகளின் அடியில் குறியிட்டு, ஊற்றி, எது எதுவென்று சொல்லாமல் வைத்தார். ஒரு குவளைக்கு 15 மில்லி. வாயில் வைத்துச் சுழற்றித் துப்புவதுதான் முறை. கடைசிச் சுவையை அறிய மட்டும் சிறிது விழுங்கலாம்.

டாஸ்மாக் வாசலில் குடும்பங்கள் அழிவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாநிலத்தில் மதுவின் சுவையைப் பற்றி எழுதுவது சிலருக்குக் கோபம் தரும். அந்தக் கோபம் நியாயமானது. நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். என்ன குடிக்கிறோம் என்று முகர்ந்துகூடப் பார்க்காமல் கவிழ்த்துக்கொள்ளும் பழக்கத்துக்கும், அந்தப் பழக்கத்தை நம்பியே எதை வேண்டுமானாலும் புட்டியில் அடைத்து விற்கும் வியாபாரத்துக்கும் எதிரானது ருசித் திறனாய்வு. நிறுத்தி நிதானித்து முகர்கிறவன் கொஞ்சமாகத்தான் குடிப்பான்.

முதலில் புகையில்லாதது. கனிந்த வாழைப்பழம், வெல்லப்பாகு, தேங்காய், கடைசியில் மெல்லிய ஏலக்காய். பழனிக்காரர்கள் எவருக்கும் இது பஞ்சாமிர்தத்தின் பக்கத்து வீடு. வாழைப்பழ வாசம் நொதித்தலின்போது உண்டாகும் ஐசோஅமைல் அசிடேட். வாழைப்பழத்திலும் அதே சேர்மம்தான் இருக்கிறது. தேங்காயும் வனிலாவும் அமெரிக்க ஓக் மரம் கொடுத்தவை. இனிமையானது, குறை சொல்ல முடியாதது. ஆனால் முகர்ந்தபோது என்ன சொன்னதோ அதையேதான் வாயிலும் சொல்கிறது. விழுங்கிய பின் ஓக் மரத்தின் துவர்ப்பு மட்டும் நாக்கில் நின்று, மற்றதெல்லாம் சீக்கிரம் விலகிவிடுகிறது.

பீட்டட் வேறு திசை. முகர்ந்தவுடன் அடுப்புச் சாம்பல், எலுமிச்சைத் தோல், அப்புறம் தரை துடைக்கும் ஃபீனாயில். நண்பர் குவளையைக் கீழே வைத்துவிட்டு, “இதுல புகை முன்னாடி வந்து நின்னுக்கிட்டு வேற யாரையும் உள்ள விட மாட்டேங்குதுங்க” என்றார். சரியான கணிப்பு. புகையும் மரத்தின் இனிப்பும் ஒன்றையொன்று பார்க்காமல் தனித்தனியாக நிற்கின்றன. வாயில் புகை முதல் நொடியிலேயே உச்சம் தொட்டுவிடுகிறது. அதன் பிறகு இறக்கம்தான். ஐலா தீவின் நல்ல விஸ்கிகளில் புகையோடு சேர்ந்து ஒரு உப்புக் கரிப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும், புகை உட்கார ஒரு இடம் கிடைக்கும். இதில் அந்த இடம் இல்லை. கடன் வாங்கிய புகை என்ற குற்றச்சாட்டு இந்தப் புட்டியின் மேல் அப்படியே பொருந்துகிறது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

ஃப்யூஷனில் புகை தாமதமாக வருகிறது. அதன் மேன்மை இந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது. முகரும்போது வறுத்த பார்லியின் கெட்டியான வாசமும் கருப்பட்டியும்தான் முன்னே. புகை எங்கோ பின்கட்டில் இருக்கிறது. வாயில் வைத்தால் இனிப்பு விரிந்து, திகட்டப்போகிறது என்று தோன்றும் அந்த இடத்தில் புகை ஏறி வந்து இனிப்பைத் தடுத்துப் பிடிக்கிறது. கொடைக்கானல் மலையில் பூம்பாறைப் பக்கம் மலைப்பூண்டைக் கட்டிப் புகையில் தொங்கவிட்ட அறைக்குள் நுழைந்தால் வரும் வாசம் அது. ஈரம் போய் உலர்ந்த புகை. அதன்பின் கிராம்பு, கொக்கோவின் கசப்பு, மிளகு. விழுங்கிய பிறகு நெடுநேரம் நிற்பது புகையும் கொக்கோவும் சேர்ந்த ஒன்று. எது எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. புகையில்லாத விஸ்கிக்கு எந்த இடத்தில் சொல்ல ஒன்றுமில்லாமல் போனதோ, அதே இடத்தில்தான் இங்கே புகை வேலைக்கு வருகிறது. ஆகவே இந்தப் புகை அலங்காரம் அல்ல.

இதை இன்னொரு வழியிலும் சோதித்தேன். புகையில்லாததில் மூன்று பங்கு, பீட்டட்டில் ஒரு பங்கு எடுத்து நானே கலந்து, மூடி வைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். விகிதம்தான் மாயம் என்றால் ஃப்யூஷன் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. புகை மேலே மிதந்தது. கீழே வாழைப்பழம் தனியாக இருந்தது. அம்ருத்தில் இரண்டு பார்லியையும் தனித்தனியே காய்ச்சி, தனித்தனியே பீப்பாயில் முதிரவிட்டு, பிறகே சேர்த்து மறுபடியும் போர்பன் ஊறிய பீப்பாயில் வைக்கிறார்கள். மரத்துக்குள் இரண்டும் சேர்ந்து கழித்த அந்தக் காலம்தான் என் குவளையில் இல்லாதது. என் சோதனை முழுமையானதல்ல. கடைக்கு வரும் இரண்டு புட்டிகளும் ஃப்யூஷனுக்குள் போகும் அதே பீப்பாய்களிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் வித்தியாசம் நண்பருக்கும் எனக்கும் ஐயமில்லாமல் தெரிந்தது.

இனி வெயில். கம்பிபுராவில் இருக்கும் அம்ருத் டிஸ்டில்லரி கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு 10 முதல் 12 சதவீதம் ஆவியாகிப் போகிறது. தேவதைகளின் பங்கு என்று விஸ்கிக்காரர்கள் சொல்வது இதைத்தான். ஸ்காட்லாந்தில் அது சுமார் 2 சதவீதம். கணக்குப் போட்டுப் பார்த்தால், 100 லிட்டர் வைத்து ஐந்து ஆண்டு கழித்துத் திறக்கும் பெங்களூர்க்காரருக்கு மிஞ்சுவது 53 முதல் 59 லிட்டர். ஸ்காட்லாந்தில் 12 ஆண்டு கழித்துத் திறந்தாலும் 78 லிட்டர் இருக்கும். இந்த இழப்புக்கு ஈடாகக் கிடைப்பது மரத்தின் வேகம். வெயிலில் சாராயம் மரத்துக்குள் வேகமாகப் புகுந்து வெளியேறி, வனிலாவையும் கிராம்பையும் துவர்ப்பையும் சில ஆண்டுகளில் இழுத்துக்கொள்கிறது. கலத்துக்குள் வைத்து முதிர்விப்பது நமக்குப் புதிதும் அல்ல. மூங்கில் குழாயில் முதிர்ந்த தேறலைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன.

புகை விஸ்கிக்கு இந்த வேகத்தால் ஒரு லாபம் உண்டு. காலம் போகப்போகப் புகை மங்கும், மரம் ஓங்கும். ஸ்காட்லாந்தில் மரத்தின் ஆழம் வேண்டும் என்றால் பதினாறு ஆண்டு காத்திருந்து புகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும். பெங்களூரில் மரத்தின் ஆழம் வந்து சேரும்போது புகைக்கு இன்னும் இளமை இருக்கிறது. முதிர்ந்த மரமும் இளம் புகையும் ஒரே குவளையில் சேருவது குளிர் நாட்டில் எளிதில் நடக்காதது. ஃப்யூஷனின் புகை அங்கிருந்து வந்திருந்தாலும், அந்தப் புகை இப்படி நடந்துகொள்வதற்குக் காரணம் இங்கத்திய வெயில்.

வெயில் இன்னொரு வகையிலும் குறுக்கிட்டது. பழனிக்கு அருகே பாலசமுத்திரத்தில் சித்திரை மாதம் விடிகாலையிலும் என் அறை 28 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. அந்தச் சூட்டில் ஆல்கஹாலும் பழவாசனையும் முந்திக்கொண்டு எழுந்து மூக்கை மறைத்துவிடுகின்றன. கனமான ஃபீனால்கள் பின்தங்கிவிடுகின்றன. அதே புட்டியைச் சுமார் 65 கிலோமீட்டர் மலைப்பாதையில் கொடைக்கானலுக்குக் கொண்டுபோய், 15 டிகிரியில், ஒரே மாதிரிக் குவளையில் ஊற்றினால் வேறு விஸ்கி. ஆல்கஹால் அடங்கி, புகை முகரும்போதே தெரிகிறது, கருப்பட்டி பின்னால் போகிறது. அடிவாரத்தில் 50 சதவீதத்தை அப்படியே முகர்ந்தால் பாதிதான் கிடைக்கும். ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டுக் கொஞ்ச நேரம் மூடிவைத்தால் மலையில் கிடைத்ததற்குப் பக்கத்தில் வரும். ஐஸ் கட்டி போடுவது பதில் அல்ல. அது ஆல்கஹாலோடு வாசனை மொத்தத்தையும் அமுக்கிவிடும். குளிர்ந்த அறையில் பிரிட்டிஷ் விமர்சகர் ஒருவர் பார்ப்பதும், பழனியில் மின்விசிறிக்கு அடியில் ஒருவர் பார்ப்பதும் ஒரே சுவை அல்ல. இந்திய விஸ்கிக்கு இந்தியச் சூட்டில் மதிப்பெண் போடும் விமர்சனம் நமக்கு அவசியம் வேண்டும்.

புகை நம்முடையதாக இருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு இப்போது திரும்பலாம். அதன் கடைசிப் படி எங்கே கொண்டுபோய் விடும் என்று பழனி மலையடிவாரத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். நம் மலையிலும் பீட் இருக்கிறது. கொடைக்கானல் ஏரியே 1863இல் பிரிட்டிஷ் அதிகாரி லெவிஞ்ச் கரை கட்டுவதற்கு முன் சதுப்பாகத்தான் கிடந்தது. பேரிஜம் ஏரியின் கதையும் சதுப்பில்தான் தொடங்குகிறது. சோலைக்காடும் புல்வெளியும் சந்திக்கும் பள்ளங்களில் இன்றும் கறுப்பு மண் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. நீலகிரியின் இதே மாதிரிப் பீட்டை ஆராய்ந்து 20,000 ஆண்டுப் பருவநிலையைப் படித்தெடுத்த கட்டுரை 1993இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. எந்தக் காலத்தில் புல் ஓங்கியது, எந்தக் காலத்தில் காடு ஓங்கியது என்பது அந்த மண்ணின் கார்பனில் பதிந்திருக்கிறது. பழனி மலைச் சதுப்புகளிலும் மகரந்தத் துகள்களைத் தேடி ஆய்வு நடந்திருக்கிறது. பீட் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும் என்பது ஸ்காட்லாந்தில் சொல்லும் கணக்கு. மண்வெட்டி ஒரு முழம் இறங்கினால் சில நூற்றாண்டுகள் போய்விட்டன என்று பொருள்.

ஐலாவின் பீட்டும் ஆர்க்னியின் பீட்டும் ஒரே புகை தருவதில்லை. செடி வேறு, புகை வேறு. அப்படியானால் பழனிச் சதுப்பின் புகைக்கும் தனி வாசம் இருக்கத்தான் செய்யும். அந்த ஆவல் எனக்கும் வருகிறது. ஆனால் சீகை, தைலம், பைன் என்று அந்நிய மரங்களை நட்டு, புல்வெளியையும் சதுப்பையும் நாம் ஏற்கெனவே சுருக்கிவிட்டோம். பேரிஜம் தண்ணீர் பெரியகுளத்துக்குக் குடிநீர். கோடையிலும் ஓடை வற்றாமல் கசிந்துகொண்டிருப்பதற்கு அந்தக் கறுப்பு மண்ணும் ஒரு காரணம். அடிவாரத்துப் பாலாறு-பொருந்தலாறு அணைக்கும் நீர் அந்த மலையிலிருந்தே இறங்குகிறது. ஒரு விஸ்கியின் பெருமைக்காக அந்தச் சதுப்பில் ஒரு கூடை மண்ணை எடுப்பதும் தவறு. புகையைக் கடன் வாங்குவதே இந்த விஷயத்தில் நேர்மையான வழி. குண்டூர் மிளகாய் போட்டுச் சமைத்தாலும் குழம்பு சமைத்தவருடையதுதான். ஸ்காட்லாந்துக்காரர்களே பீப்பாயை அமெரிக்காவிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வாங்குகிறார்கள். ஐலாவின் பல டிஸ்டில்லரிகள் புகையேறிய பார்லியைத் தாமே தயாரிக்காமல் போர்ட் எலன் ஆலையிலிருந்து பெறுகின்றன. அவர்களை யாரும் குறை சொல்வதில்லை.

கடைசியாக லகாவுலின் 16 ஆண்டைப் பக்கத்தில் வைத்தேன். 43 சதவீதம்தான். பலத்தில் ஃப்யூஷன் முன்னே, ஆனால் லகாவுலின் எவ்வளவு தூரம் முன்னே என்பது முகர்ந்த உடனேயே தெரிகிறது. லகாவுலினில் புகை முதலிலும் இருக்கிறது, நடுவிலும் இருக்கிறது, முடிவிலும் இருக்கிறது. மூன்று இடத்திலும் வேறு வேறாக இருக்கிறது. உப்பும் தேயிலையும் உலர்ந்த பழமும் ஒன்றன்பின் ஒன்றாகப் புகைக்குள்ளிருந்து வெளிவருகின்றன. ஃப்யூஷனில் புகைக்கு ஒரே ஒரு நுழைவுதான். அந்த நுழைவு அற்புதமாக அமைந்திருக்கிறது, அவ்வளவே. கூடவே ஒரு குறையும் உண்டு. நடுப்பகுதியில் மரத்தின் இனிப்பு ஒரு கணம் அதிகமாகிறது. தண்ணீர் விடாமல் பார்த்தால் புதுப் பலகையின் காரம் தொண்டையில் தட்டுகிறது. வேகமாக முதிர்ந்ததற்குக் கொடுத்த விலை இது. நான் பார்த்த புட்டிகளுக்குள்ளேயே ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் இந்தக் காரம் கூடிக் குறைந்திருந்தது.

ஆகவே 97 அதிகம். அந்த எண்ணுக்குள் ஒரு வியப்பும் சேர்ந்திருக்கிறது. இந்தியாவிலிருந்து இப்படியா என்ற வியப்பு. இன்று அந்த வியப்பு தேவையில்லை. கோவாவின் பால் ஜானும் ஹரியானாவின் இந்திரியும் வந்துவிட்ட பிறகு, இந்தியச் சிங்கிள் மால்ட்டைச் சலுகை இல்லாமல் அளக்கலாம். புகை விஸ்கி என்ற வரிசையில் வைத்தால் ஃப்யூஷன் லகாவுலினுக்குக் கீழே, சந்தேகமில்லை. இனிப்பைத் தடுத்துப் பிடிக்கப் புகையைப் பயன்படுத்திய விஸ்கி என்று பார்த்தால், அந்த வேலையை இவ்வளவு துல்லியமாகச் செய்த வேறொன்றை நான் ருசித்ததில்லை. அம்ருத்தின் மூன்றில் இது தெளிவாக முதல் இடம், புகையில்லாதது இரண்டாவது, பீட்டட் மூன்றாவது, அதுவும் கணிசமான தூரத்தில். முழுப் புகை வேண்டுகிறவர் ஐலாவுக்கே போகட்டும்.

நிறுவனத்திடம் கேட்க ஒன்று இருக்கிறது. ஃப்யூஷன் புட்டியில் வயது இல்லை. நாலு, ஐந்து என்று போட்டால் பன்னிரண்டு, பதினாறு பார்த்துப் பழகியவர்கள் இளப்பமாக நினைப்பார்கள் என்ற அச்சம் புரிகிறது. அந்த அச்சத்தை விட்டுவிட்டு, எத்தனை ஆண்டு மரத்தில் இருந்தது, அதில் எவ்வளவு ஆவியாகிப் போனது, கால் பங்குப் பார்லிக்கு ஏறிய புகை எத்தனை பிபிஎம் என்ற மூன்று எண்களையும் ஒவ்வொரு தொகுதியின் லேபிளிலும் அச்சிட வேண்டும். வெயில் செய்த வேலையை வாங்குகிறவர் தானே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தொகுதிக்கும் இன்னொன்றுக்கும் காரம் ஏன் மாறுகிறது என்பதும் அப்போது தெரிந்துவிடும்.